தொப்பென்று ஒரு சத்தம்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸஹானா இட்லித் தட்டில் மாவுக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றினாள். மாமியார் ஞானாம்பாள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வாங்கிக் கவிழ்த்துத் துடைத்துவிட்டுத் தானே மாவை ஊற்றினாள்.

ஐந்து நாளாக அந்த வீட்டில் ஸஹானாவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காபியில் சர்க்கரை கூடிவிட்டால்கூட ஒரு வாரம் பேசும் வீடு அது.

போன சனிக்கிழமை நடந்ததை மறந்தவர்களுக்காக மறுபடி ஒரு முறை. படப்பையில் அசரியா என்பவர் நடத்தும் சின்னத் தொழிற்கூடத்தில் ஸஹானா இன்ஜினியர். அங்கே கார்பன் இழையால் அவள் செய்த பானெட்டை, அதாவது முன்மூடியை, ஒரு குட்டி மின்சாரக் காரில் மாட்டி, வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டலூர் தாண்டி நாலாவது கிலோமீட்டரில் பானெட் தானாகத் திறந்தது. முன்பக்கக் கொக்கி இருந்த இடத்தில் பிளந்து, எழும்பி வந்து கண்ணாடியில் அறைந்தது. ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் டெனிஸுக்குப் புருவத்தில் நாலு தையல். பின்னால் லாரி எதுவும் வராதது அவன் செய்த புண்ணியம்.

இன்று பத்து மணிக்கு கார் கம்பெனியிலிருந்து ஜெயகிருஷ்ணன் சோதனைக்கூட ரிப்போர்ட்டோடு வருகிறார். தப்பு பானெட்டில் என்று வந்தால் படப்பையில் அந்த வேலையையே நிறுத்திவிடுவார்கள். ஸஹானாவின் மூன்று வருஷம் மூட்டை கட்டப்படும்.

மூட்டை கட்டுவது வெறும் பேச்சுக்காகச் சொன்னதல்ல. கணவன் உமேஷுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருந்தது, பதவி உயர்வோடு. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பானெட் தேறினால் இதே தாம்பரம், தேறாவிட்டால் புனே. வெள்ளிக்கிழமைக்குள் உமேஷ் பதில் சொல்ல வேண்டும்.

“எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம் ஸஹி” என்றான் உமேஷ், இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி. “நீ டென்ஷன் ஆகாதே.”

“ஆகலையே.”

“அப்புறம் ஏன் எனக்கு ரெண்டு ஸ்பூன் வெச்சிருக்கே, தட்டு வெக்கல? கிண்ணத்துல சட்னி, கையில இட்லின்னு தின்னுட்டிருக்கேன்.”

அவள் சிரித்துவிட்டாள். உமேஷ் நல்லவன். இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் வேலையைக் குறைத்துப் பேசியதில்லை. குறைத்துப் பேசும் பொறுப்பை மாமனார் ஸ்ரீரங்கன் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்.

ஸ்ரீரங்கன் முப்பத்து நாலு வருஷம் ஒரு கார் ஆலையின் பிரஸ் ஷாப்பில் இருந்தவர். இரும்புத் தகடு உள்ளே போய்க் கதவாக, பானெட்டாக, மட்கார்டாக வெளியே வருவதைப் பார்த்தே தலை நரைத்தவர். தகட்டைச் சுண்டிப் பார்த்து அதன் கனத்தைச் சொல்லுவார், தப்பாது. அவருக்கு மருமகள் செய்வது பிடிபடவே இல்லை. கருப்பாக ஒரு துணியாம், அதில் ரெசின் என்கிற பிசினைத் தடவி அச்சில் படுக்க வைத்து அடுப்பில் வேக வைத்தால் பானெட்டாம். “என் மருமக துணியில கார் தைக்கிறா” என்று திருநீர்மலைக் கோயில் படியில் சந்திக்கும் சிநேகிதர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். “மழைக்காலத்துல காயப்போட கொடி கட்டணும்.”

சனிக்கிழமையிலிருந்து அந்தக் கேலியும் நின்றுவிட்டது.

இப்போது அவர் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து துளசி கட்டிக்கொண்டிருந்தார். நூலில் கட்டினால் ஈரத்தில் நழுவும் என்று மெல்லிய செப்புக் கம்பியில்தான் கட்டுவார். பிரஸ் ஷாப்காரர் கட்டுகிற மாலை வேறு எப்படி இருக்கும்? முடிவில் கம்பியைச் சரியாக மூன்று முறுக்கு முறுக்கி, கையில் குத்தாதபடி முனையை உள்ளே மடித்துவிடுவார்.

“ரிப்போர்ட் இன்னிக்கா?” என்று திரும்பாமலே கேட்டார்.

“ஆமா மாமா. பத்து மணிக்கு.”

ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் துளசியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

*

முடிச்சூர் ரோட்டில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகும்போது ஸஹானாவின் மனது முழுக்க அந்த இருபது நிமிடங்கள்தான்.

யாரிடமும் சொல்லாத விஷயம் என்று இல்லை. பதிவேட்டில் அவளே எழுதியிருக்கிறாள். அந்த பானெட் அடுப்பில் இருந்தபோது கரண்ட் போய், ஜெனரேட்டர் முரண்டு பிடித்து, இருபது நிமிடம் சூடு இறங்கிவிட்டது. அதை ஈடுகட்ட அவள் முக்கால் மணி நேரம் கூடுதலாக வேக வைத்தாள். கணக்குப்படி போதும். ஆனால் கணக்கை நம்பி நிம்மதியாக இருக்க மனது விட்டால்தானே? உள்ளே எங்காவது ரெசின் வேகாமல் நின்றிருந்தால்? அதனால்தான் பிளந்திருந்தால்? டெனிஸின் நாலு தையலும் அவள் கணக்கில்தான் வரும்.

அவள் செய்ய நினைத்தது பெரிய காரியம். கார்பன் இழை இரும்பைவிட உறுதி, எடையோ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் விலை அதிகம். அதனால் ரேஸ் காருக்கும் கோடீஸ்வரர் காருக்கும் மட்டுமே வாய்த்த பொருள் அது. ஸஹானா மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு மட்டும் நல்ல துணியை வைத்தாள். நடுவில், மற்ற ஆலைகள் வெட்டி எறிகிற கார்பன் துண்டுகளை நறுக்கி ரெசினில் பிசைந்து நிரப்பினாள். சோமாசிக்குப் பூரணம் வைப்பதுபோல. பள்ளிக்கூட டீச்சர் தவணையில் வாங்கும் காருக்கும் கட்டுப்படியாகிற பானெட் வந்தது. இரும்பில் பதினாலு கிலோ. இது ஐந்து. எடை குறையக் குறைய ஒரு தடவை சார்ஜ் போட்டால் வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் ஓடும்.

படப்பைக் கடைத்தெருவைத் தாண்டித் தொழிற்கூடத்துக்குள் நுழைந்ததும் டெனிஸ்தான் முதலில் எதிரே வந்தான். புருவத்தில் பிளாஸ்திரி. ஒரு கண் பாதி வீங்கியிருந்தது.

“அக்கா, ஒரு நிமிஷம். நான் சொல்றத நீயாச்சும் நம்பு. அன்னிக்கு நான் பானெட்ட தொடவே இல்ல. சாவிய வாங்கினேன், குந்தினேன், வண்டிய எடுத்துக்கினு போய்ட்டேன். அவ்ளோதான்.”

“நம்பறேன் டெனிஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடினதே நான்தானே.”

“அத அந்த கார் கம்பெனி சாராண்ட சொல்லு. போன்ல இன்னா கேக்கறாரு தெரியுமா? ‘சரக்கு போட்டிருந்தியா’ன்றாரு. காலைல எட்டு மணிக்கு! எங்கம்மா கேட்டா உயிர வுட்டுடும்.”

உள்ளேயிருந்து அசரியா எட்டிப் பார்த்தார். பெரிய உருவம், மெல்லிய குரல். “வாம்மா ஸஹானா. ராத்திரி தூங்கினியா?”

“இல்ல சார்.”

“நானும்தான். ஜெபம் பண்ணேன், அதுவும் பாதியில மறந்துபோச்சு.”

ஜெயகிருஷ்ணன் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். நாற்பது வயது, எதையும் நின்றுகொண்டே பேசுகிற மனுஷன். வந்ததும் உறையைப் பிரித்தார்.

“முதல்ல நல்ல செய்தி சொல்லிடறேன். பானெட்டைப் பன்னெண்டு இடத்துல வெட்டிப் பார்த்தோம். ரெசின் முழுசா வெந்திருக்கு. மேல் துணி, கீழ் துணி, நடுவுல இருக்கிற துண்டுகள், எல்லாமே பிடிப்பு நல்லா இருக்கு. நீங்க எழுதி வெச்சிருந்தீங்களே, கரண்ட் போனது, அதனால ஒரு பாதிப்பும் இல்ல.”

ஸஹானா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதுபோல் மூச்சு தாராளமாக வந்தது. அசரியா கண்ணை மூடிக்கொண்டு, ராத்திரி பாதியில் விட்ட ஜெபத்தை முடித்தார்.

“இருங்க, முடிக்கல” என்றார் ஜெயகிருஷ்ணன். “பானெட் பிளந்ததால திறக்கல. திறந்ததால பிளந்திருக்கு. லாக்கே விழல. ரெண்டாவதா பாதுகாப்புக்கு ஒரு கொக்கி இருக்கில்ல, அது ஒண்ணுதான் பிடிச்சிட்டு இருந்திருக்கு. காத்துல நாலு கிலோமீட்டர் படபடன்னு அடிச்சு, கொக்கி இருந்த இடம் விட்டுப்போச்சு. அதாவது, யாரோ பானெட்டை ஒழுங்கா மூடல.”

எல்லார் பார்வையும் டெனிஸ் மேல் போயிற்று.

“சார், மாதா மேல சத்தியமா...”

“நான் உன்னைச் சொல்லலப்பா. ஆனா எனக்கு ஒரு காரணம் வேணும். காரணம் தெரியலைன்னு எழுதினா, தெரியற வரைக்கும் இந்த பானெட்டை நிறுத்தி வைன்னுதான் மேல சொல்வாங்க. டிரைவர் கவனிக்கலைன்னு எழுதினா விஷயம் இன்னிக்கே முடிஞ்சுடும். பானெட் தப்பிச்சுடும்.” அவர் ஸஹானாவைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க மேடம்? அவர் மூடாம எடுத்துட்டுப் போயிருக்கலாம்னு ஒரு கையெழுத்து.”

பானெட் தப்பிச்சுடும். தாம்பரத்திலேயே இருக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து. ஸஹானா நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததும் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

“வெள்ளிக்கிழமை நான்தான் சார் மூடினேன். ரெண்டு கையாலயும் அழுத்தி, லாக் விழுந்ததை இழுத்துப் பார்த்துட்டுத்தான் போனேன். டெனிஸ் தொடல. நடுவுல ஏதோ நடந்திருக்கு. நான் வண்டியை ஒரு தடவை பார்க்கணும்.”

வண்டி பின்பக்கக் கொட்டகையில், கண்ணாடி விரிசலோடு, முகத்தில் பாதி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஸஹானா லாக்கைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. கம்பிகளுக்கு நடுவே வெளிச்சத்தைக் கொண்டுபோனாள். பேட்டரிப் பெட்டிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையே ஏதோ சருகு மாட்டிக்கொண்டிருந்தது. கையை விட்டு எடுத்தாள்.

காய்ந்துபோன துளசி. ஒரு சாண் மாலை.

மெல்லிய செப்புக் கம்பியில் கட்டியது. முடிவில் மூன்று முறுக்கு. முனை உள்ளே மடிந்திருந்தது.

கொட்டகையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசரியா வேதக்காரர். டெனிஸும் அப்படியே. அவர்கள் வைத்திருக்க முடியாது. இந்த மூன்று முறுக்கைத் தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான் போடுவார்.

சனிக்கிழமை காலை. பெருமாளுக்கு உகந்த நாள். மாமனார் வழக்கம்போல ஐந்து மணிக்கே திருநீர்மலைக்குக் கிளம்பிப் போனார். ஆனால் வழக்கமாக வரும் ஆறரைக்குத் திரும்பவில்லை, ஏழரையாகிவிட்டது. சேவிக்கக் கூட்டம் அதிகம் என்று ஞானாம்பாளிடம் சொன்னது ஸஹானாவின் காதிலும் விழுந்திருந்தது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று போன் செய்தாள்.

“மாமா, சனிக்கிழமை படப்பைக்கு வந்தீங்களா?”

மறுமுனையில் பூஜை அலமாரிக் கதவின் கீல் கிரீச்சென்றது.

“பானெட்டுக்குக் கீழ துளசி இருந்தது மாமா. செப்புக் கம்பி.”

“நீ யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிடலையே?”

அவளுக்குச் சுருக்கென்றது. மறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். “இன்னும் இல்ல” என்றாள்.

“சொல்லாதே. அங்கேயே இரு” என்று வைத்துவிட்டார்.

*

“அரை மணி நேரம் கொடுங்க சார்” என்று ஜெயகிருஷ்ணனிடம் கேட்டாள். “ஒருத்தர் வரணும்.”

“யாரு?”

அசரியா நடுவில் புகுந்து டீ வரவழைத்தார். டெனிஸ் டீயைக் குடிக்காமல் கிளாஸைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். ஸஹானாவோ கைக்குள்ளே துளசியை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். வருவாரா? வந்து என்ன சொல்வார்? எதிலும் தோற்றதாக ஒத்துக்கொள்ளாத மனுஷன். கேரம் விளையாட்டில் தோற்றால்கூடப் பலகை கோணல் என்பார்.

முப்பத்தைந்து நிமிடத்தில் பழைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஸ்ரீரங்கன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். நெற்றியில் காலையில் இட்ட திருமண் வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. மருமகளைப் பார்க்கவில்லை. நேராகக் கோப்பு வைத்திருந்த ஆளிடம் போனார். பெரிய அதிகாரி யாரென்று கண்டுபிடிக்க முப்பத்து நாலு வருஷ ஆலை அனுபவம் போதும்.

“என் பேர் ஸ்ரீரங்கன் சார். இந்தப் பொண்ணோட மாமனார். சனிக்கிழமை காலைல ஆறே முக்காலுக்கு இந்த வண்டியோட பானெட்டைத் திறந்தவன் நான். மூடினவனும் நான்தான். ராத்திரி வாட்ச்மேன்கிட்ட இன்னார்னு சொன்னேன், உள்ளே விட்டான். இந்தத் தம்பி மேல நீங்க எதுவும் எழுதக்கூடாது.”

ஏழு மணிக்கு ஷிப்ட் முடித்துப் போய்விட்ட அந்த ராத்திரி வாட்ச்மேனைக் கேட்க வேண்டும் என்று இந்த ஐந்து நாளில் யாருக்கும் தோன்றவில்லை.

ஸஹானாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ‘சொல்லாதே’ என்றாரே, அது தானே வந்து சொல்வதற்காகத்தான்.

“மூடினீங்கன்னா, எப்படி மூடினீங்க?” என்றார் ஜெயகிருஷ்ணன்.

“எல்லாரும் எப்படி மூடுவாங்களோ அப்படித்தான். தொப்புன்னு சத்தம் கேட்டுச்சு சார். நல்லா காதுல விழுந்தது. அதனாலதான் இது என்னாலன்னு எனக்குத் தோணவே இல்ல. ஆனா அஞ்சு நாளா ஏன் சோறு இறங்கலைன்னும் தெரியல.”

“எங்க, அதே மாதிரி மூடிக் காட்டுங்க.”

அதே அச்சில் செய்த இன்னொரு பானெட் தயாராக இருந்தது. டெனிஸும் அசரியாவும் அதை வண்டியில் மாட்டினார்கள். ஸ்ரீரங்கன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பானெட்டைத் தூக்கினார். ஒரு அடி உயரத்துக்கு இறக்கினார். கையை எடுத்தார்.

தொப்.

“மூடிடுச்சே” என்றார் ஜெயகிருஷ்ணன்.

“மூடிக்கிச்சு” என்றான் டெனிஸ்.

ஸஹானா முன்னால் வந்தாள். விளிம்பில் ஒரே ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினாள். பானெட் ஒரு விரற்கடை மேலே வந்து, கொக்கியில் தட்டி நின்றது. லாக் விழவில்லை.

ஜெயகிருஷ்ணன் கோப்பை டெனிஸ் கையில் கொடுத்துவிட்டுத் தானே தூக்கிப் போட்டுப் பார்த்தார். தொப். விரலை விட்டார், மேலே வந்தது. இன்னொரு தடவை. அதே கதை. ஐந்து தடவையில் ஒரு தடவைதான் லாக் விழுந்தது. சத்தம் மட்டும் ஐந்து தடவையும் வந்தது. அது லாக்கின் சத்தமே இல்லை, பானெட் ரப்பரில் உட்காரும் சத்தம்.

“கடவுளே” என்று அசரியா தலையில் கை வைத்தார். “எடை சார்! இரும்பு பானெட்டுன்னா பதினாலு கிலோ. கையை விட்டா அதோட கனமே லாக்கை அழுத்தி மூடிடும். இது அஞ்சு கிலோ. அழுத்த இதுகிட்ட என்ன இருக்கு?”

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியலையா?”

“எப்படித் தெரியும்? நாங்க ஒருத்தரும் இதைத் தூக்கிப் போட்டதே இல்லையே. ஸஹானா அதை மூடறதை நீங்க பார்க்கணும். கைக்குழந்தையைத் தொட்டில்ல விடறாப்பல ரெண்டு கையால வெச்சு அழுத்துவா. நானும் அப்படித்தான்.”

“எங்க லேப்ல மெஷின்தான் மூடும்” என்றார் ஜெயகிருஷ்ணன் மெதுவாக. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் உதட்டோரமாக, பிறகு வாய்விட்டு. “நம்ம ஊர்ல பானெட்டை மூடறதுன்னா கையை எடுக்கறதுதான் சார். எங்கப்பாவும் அப்படித்தான் மூடுவார், மெக்கானிக்கும் அப்படித்தான். இதே வண்டி பத்தாயிரம் பேர் கைக்குப் போயிருந்தா? பத்தாயிரம் பேரும் சார் மாதிரிதான் மூடியிருப்பாங்க. நல்லவேளை, ஒருத்தர் முன்னாடியே மூடிட்டார்.”

கோப்பைத் திரும்ப வாங்கி நின்றபடியே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். பானெட்டில் குறையில்லை, டிரைவரிடமும் தவறில்லை. லேசான பானெட்டுக்கு ஏற்றபடி லாக்கின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் மறு ஓட்டம்.

டெனிஸ் ஸ்ரீரங்கன் கையைப் பிடித்துக்கொண்டான். “பெர்சு, உன்னால எனக்கு நாலு தையலு. உன்னாலதான் இன்னிக்கு என் வேலையும் தப்பிச்சுது. இப்ப உன்ன திட்டறதா கும்புடறதா, ஒண்ணும் புரியல.”

“திட்டிடுப்பா” என்றார் ஸ்ரீரங்கன். “மன்னிச்சுக்கோன்னு கேக்கத்தான் வந்தேன். கண்ணுல பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“அட, வுடு பெர்சு. பொண்ணு பாக்கப் போவும்போது புருவத்துல வெட்டு இருந்தா கெத்தா இருக்கும்.”

எல்லாரும் உள்ளே போனதும் ஸஹானாவும் மாமனாரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் உள்ளங்கையை விரித்துத் துளசியைக் காட்டினாள்.

“துணியில கார் தைக்கிறேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே மாமா. அப்புறம் எதுக்கு இது?”

“வண்டி முதல்முதலா ரோட்டுக்குப் போகுது. ஒண்ணும் வைக்காம அனுப்புவாங்களா?”

“நான் இருக்கும்போது வந்திருக்கலாமே.”

“நீ இருக்கும்போது வந்தா, நல்லா இருக்குன்னு சொல்ல வேண்டி வருமே” என்றார் ஸ்ரீரங்கன், ரொம்ப நியாயமான காரணம்போல. பிறகு பானெட்டின் விளிம்பைத் தடவினார். “இரும்புன்னு நெனச்சு தூக்கினேன்மா. கை ஜிவ்வுனு மேல போயிடுச்சு. தூக்கிட்டேன்னே தெரியல. முப்பத்து நாலு வருஷம் எத்தனை பானெட் தூக்கியிருப்பேன், எத்தனை நாள் தோள்பட்டைக்குத் தைலம் தேச்சிருப்பேன். ஒத்தக் கையில நிக்குது, உன்னோட பானெட். அந்த சந்தோஷத்துல மூடறப்போ மூளை வேலை செய்யல, பழைய கை மூடிடுச்சு.”

ஸஹானா அழுதாள். ஐந்து நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. ஸ்ரீரங்கன் என்ன செய்வதென்று தெரியாமல் பானெட்டை இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். இந்த முறை சத்தம் வேறு மாதிரி வந்தது. உள்ளே எங்கோ ‘டிக்’ என்று.

*

சாயங்காலம் வீட்டில் பாயசம். ஞானாம்பாள் சேமியாவை வறுத்துக்கொண்டே புருஷனை வறுத்துக்கொண்டிருந்தாள்.

“திருநீர்மலைன்னு என்கிட்ட சொல்லிட்டுப் படப்பைக்குப் போயிருக்கார். கூட்டமாம், கூட்டம்! பெருமாள் பேரைச் சொல்லி ஒரு பொய்!”

“சேவிச்சுட்டுத்தான் போனேன். துளசி எங்கிருந்து வந்ததுன்னு நெனச்சே?”

“பேசாதீங்க. அஞ்சு நாளா அந்தப் பொண்ணு மாவுக்குப் பதிலா தண்ணிய ஊத்திட்டிருக்கா.”

வீடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. ஸஹானாவுக்கு அந்தச் சண்டை அமுதமாக இருந்தது. கால் நீட்டி உட்கார்ந்து, முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

ஆறரைக்கு உமேஷ் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரிப்போர்ட், துளசி, தொப், ஸ்பிரிங். “நாம எங்கயும் போக வேண்டாம் உமேஷ்! தேறிடுச்சு!”

அவன் சிரித்தான். அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டான். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் சரியாக உட்காரவில்லை என்பதை ஸஹானா கண்டுபிடித்துவிட்டாள். இன்று முழுக்க அவள் சரியாக மூடாததைக் கண்டுபிடிக்கும் வேலையில்தானே இருந்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“உமேஷ்.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். “நேத்து சாயங்காலம் புனேக்கு சரின்னு மெயில் போட்டுட்டேன் ஸஹி.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருந்ததே” என்றாள். கேலி செய்தவர் துளசி வைத்தார். தட்டிக்கொடுத்தவன் மெயில் போட்டுவிட்டான். வலித்தது. ஆனால் காலையில் ஒரு கணம் தானே டெனிஸ் மேல் பழியைப் போட நினைத்தது ஞாபகம் வந்தது. கோபம் முழுசாக ஏறவில்லை.

“பயந்துட்டேன். இது தேறாதுன்னு... உனக்கு அந்த ரிப்போர்ட் வந்து, அழுதுட்டு நீ வரப்போ, அடுத்தது ரெடியா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

ஸ்ரீரங்கன் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“போட்ட மெயிலைத் திரும்ப எடுக்க முடியாதாடா?”

“முடியாதுப்பா.”

“அப்ப இன்னொண்ணு போடு. தப்பு என்னுது, அவசரப்பட்டுட்டேன்னு போடு. அறுபத்தெட்டு வயசுல நான் நாலு பேர் முன்னாடி செருப்பைக் கழட்டிட்டு நின்னு சொல்லலையா? உனக்கென்ன வந்தது?”

அந்த நேரம் பார்த்து உமேஷின் போன் மேஜையில் அதிர்ந்தது. திரையில் புனே மேலாளரின் பெயர். உமேஷ் அப்பாவைப் பார்த்தான். ஸஹானாவைப் பார்த்தான். போனை எடுக்கும் தைரியம் மட்டும் கைக்கு வரவில்லை.

ஸஹானா போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை மடக்கி மூடினாள், இரண்டு கையாலும்.

“அழுத்திச் சொல்லுடா” என்றார் ஸ்ரீரங்கன். “அந்தப் பக்கம் ‘சரி, சரி’ன்னு சத்தம் கேட்டதுமே வெச்சுடாதே. பிடிச்சிருக்கான்னு ஒரு தடவை இழுத்துப் பாரு.”

உமேஷ் பச்சைப் பொத்தானைத் தொட்டான்.